கேட்காதவனுக்கு ஐந்து நட்சத்திரம்

அக்கராயன் ஊரில் இருக்கிற விமலேஸ்வரிக்கு அறுபத்தொரு வயது. அவள் பொறுத்துக்கொண்டவை கொஞ்சநஞ்சமல்ல. குளம் வற்றிய போகங்களைப் பொறுத்தாள், சண்டைக்குள் தறப்பாள் கொட்டிலில் இருந்த காலத்தைப் பொறுத்தாள், புருசன் வீரகத்தியின் குறட்டையை முப்பத்தெட்டு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் வெளிக்கிட்டு வாசலில் கால் வைக்கிற நேரத்தில் யாராவது "எங்க போறியள்?" என்று கேட்டால் அதை மட்டும் அவளால் பொறுக்க முடியாது. அப்படியே திரும்பி உள்ளே போவாள். கதிரையில் இருப்பாள். ஒரு மிடறு தண்ணீர் குடிப்பாள். கொஞ்ச நேரம் கழித்து, முதல் தடவை வெளிக்கிடுகிறவள் போல மறுபடியும் வெளிக்கிடுவாள். அதற்குள் பஸ் போனால் போனதுதான்.

எல்லாச் சகுனமும் பார்க்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். பூனை குறுக்கே போனால் அதற்கும் ஏதோ அலுவல் இருக்கும் என்பாள். பல்லி சொன்னால் காதிலே போட்டுக்கொள்ள மாட்டாள். இது ஒன்று மட்டும்தான். எங்கள் சனத்துக்கு இது தெரியும். அதனால்தான் ஊரில் மரியாதை தெரிந்தவர்கள் "தூரமோ?" என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போவார்கள்.

அவளுக்கு இது இவ்வளவு இறுகிப் போனதற்குக் காரணம் தம்பி பிரதாபன். இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதம், கொட்டிலுக்குள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது அவன் சைக்கிளை எடுக்கிற சத்தம் கேட்டது. திரும்பியும் பாராமல் "எங்கையடா போறாய்?" என்று கேட்டாள். "இப்ப வாறன்" என்றான். அவ்வளவுதான். ஷெல் எவரையும் கேட்டுவிட்டு விழவில்லை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்து என்ன, அன்றைக்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் ஒருவரிடமும் கேட்டதில்லை. வீரகத்தி சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தாலும் கேட்கமாட்டாள். அவர் எங்கே போனார் என்பதை அவர் திரும்பி வந்த பிறகுதான் அறிந்துகொள்வாள்.

இப்படிப்பட்ட மனிசியின் கையில்தான் மகள் கௌசலா ஓட்டோ கூப்பிடுகிற போன் அப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். கௌசலா வவுனியாவில் கலியாணம் செய்து இருக்கிறாள். புரட்டாதியில் வீரகத்தி மதகடியில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டு பிளாஸ்டரோடு இருந்ததால், அம்மா பஸ்சுக்குக் காவல் நிற்கக் கூடாது என்று 'சில்லு' என்ற அந்த அப்பைப் போனில் போட்டுக் காட்டிக் கொடுத்தாள். இடத்தை அழுத்து, ஓட்டோ வாசலுக்கு வரும், இறங்கின பிறகு எத்தனை நட்சத்திரம் என்று அழுத்து. சின்னப்பிள்ளைக்கும் விளங்கும் என்றாள். ஓட்டோக்காரர் ஒவ்வொருவரும் வர முதல் போன் எடுத்து ஒரு கேள்வி கேட்பார்கள் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

அந்தக் கேள்வி என்னவென்று நான் சொல்லவும் வேண்டுமா. நாங்கள் போகிற இடத்தைப் போனில் அழுத்தினாலும் பயணம் தொடங்குமட்டும் அது ஓட்டோக்காரனுக்குத் தெரியாதாம். தெரியாதபடியால் கேட்பானாம். கேட்டுவிட்டு, ஓடிக் கட்டாது என்று கண்டால் "நீங்களே கான்சல் பண்ணிவிடுங்கோ அன்ரி" என்று எங்கள் தலையில் கட்டுவானாம். விமலேஸ்வரி செருப்பைப் போட்டு, குடையை எடுத்து, பிள்ளையாரை நினைத்து வாசலுக்கு வருவாள். போன் அடிக்கும். "எங்க அன்ரி போகோணும்?" செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவாள். ஒரு நாள் கிளிநொச்சிச் சந்தைக்கு வெளிக்கிட்டு, நாலு பேர் கேட்டு, நாலு தரம் தண்ணீர் குடித்து, கடைசியில் சந்தைக்கே போகாமல் வீட்டில் கிடந்த பூசணிக்காயை வெட்டினாள். அன்று முழுவதும் வீரகத்திக்கு மூச்சு விட வழியில்லை.

வந்து சேர்கிறவர்களும் ஒரு மாதிரியானவர்களா. ஒருவன் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் கரையில் ஓட்டோவை நிறுத்திவிட்டு, தான் வந்துவிட்டதாகவும் அவள்தான் அங்கே இல்லை என்றும் போனில் சாதித்தான். போன் காட்டுகிற மப்பில் அவளுடைய வீடு நெல்லுக்குள் இருக்கிறதாம். கையை ஆட்டிக் காட்டினாள். கண்டுகொண்டே கான்சல் பண்ணினான். இன்னொருவன் அவளை ஏற்றிக்கொண்டு போய்க் கோணாவிலில் நிறுத்தி, ஒரு நிமிசம் என்று சலூனுக்குள் போனான். தாடி வழித்து, மீசை ஒதுக்கி, முகத்துக்குப் பவுடர் போட்டு வந்து, "எப்பிடி அன்ரி இருக்கு?" என்றும் கேட்டான். இன்னொருவனின் ஓட்டோ அரை மணித்தியாலமாகப் போன் திரையில் ஓரிடத்திலேயே நின்றது. வீரகத்தி கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்து, அது தேத்தண்ணிக் கடை என்று சொன்னார்.

நல்லவர்கள் இல்லை என்று சொன்னால் வாய் வேகும். விதைநெல் மூட்டையைத் தானே தூக்கிக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்துவிட்டுப் போனவன் இருக்கிறான். ராஜினி என்று ஒரு பெண்பிள்ளை, சொந்த ஓட்டோ, கறுப்புக் கண்ணாடி போட்டு ஓடுவாள். அவள் விமலேஸ்வரியை முறிகண்டியில் இறக்கிவிட்டு, வவுனியா பஸ் வருமட்டும் வெயிலில் கூடவே நின்று, ஏற்றி, பையையும் தூக்கிக் கொடுத்தாள். ஆனால் அவளும் முதலில் போன் எடுத்துக் கேட்டவள்தான். ஆகையால் நாலு நட்சத்திரம். விமலேஸ்வரியின் சட்டம் அது. கேட்டால் ஒன்று குறையும். சலூன்காரனுக்கும் நாலு, ராஜினிக்கும் நாலு. "அந்தப் பிள்ளை பாவமப்பா" என்று வீரகத்தி சொல்லிப் பார்த்தார். எழுத்துச் சின்னது என்று எல்லாவற்றையும் அழுத்துகிறவர் அவர்தான். அழுத்துவதற்கு மட்டும்தான் அவருக்கு உரிமை, எண்ணுவது அவளுடைய வேலை.

இப்படி இருக்கும்போதுதான் பித்தப்பைக் கல் வந்தது. வந்தது என்ன, ஒரு வருடமாக உள்ளே இருந்து கொன்றது. எண்ணெய்ச் சாப்பாடு என்றில்லை, ஒரு துண்டு ரொட்டி தின்றாலும் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். குசினி நிலத்தில் சுருண்டு கிடப்பாள். கல்லை வெட்டி எடுக்கிற பெரிய டொக்டர் மாதத்தில் ஒரு நாள்தான் வெளியிலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வருவார். பதினொரு மாதம் காத்திருந்து கார்த்திகையில் அவளுக்கு ஒரு திகதி கிடைத்தது. தாதி இரண்டு விசயங்களை ஆறு தரம் சொல்லி அனுப்பினாள். காலை ஏழு மணிக்கு வாட்டில் நிற்க வேண்டும், ஏழரைக்குப் பெயர்ப் பட்டியல் ஒப்பரேசன் தியேட்டருக்குள் போய்விடும், அதன் பிறகு வந்தால் அடுத்த திகதி எப்போது என்று தனக்கே தெரியாது. முதல் நாள் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் வாயில் படக்கூடாது.

பச்சைத் தண்ணீரும் படக்கூடாது. வீட்டுக்கு வந்து, படுக்கையில் சரிந்த பிறகுதான் இதில் என்ன ஆபத்து இருக்கிறது என்பது விமலேஸ்வரிக்கு உறைத்தது. வெளிக்கிடும்போது எவனாவது கேட்டுத் தொலைத்தால் என்ன செய்வது?

ஆகவே ஒழுங்கு செய்தாள். போன் வீரகத்தியின் கையில் இருக்கும். அவரே எடுப்பார், அவரே பதில் சொல்வார். பயணம் போகாத ஆளைப் பார்த்து எவன் என்ன கேட்டாலும் குற்றமில்லை. அவர் கூடப் போகவும் முடியாது. மாடு இன்றோ நாளையோ கன்று போடுகிற நிலையில் நின்றது. வாட்டுக்குள் ஆம்பிளைகளை நேரத்தோடு விடவும் மாட்டார்கள். கௌசலா முதல் பஸ்சில் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து வாட்டு வாசலில் நிற்பாள். எல்லாம் சரியாக இருந்தது. ஐந்தேமுக்காலுக்கு வீரகத்தி இடத்தை அழுத்தினார், ஒருவன் வருகிறேன் என்று காட்டினான். அந்த நேரம் பார்த்து மாடு கத்தியது. வீரகத்தி போனைக் கதிரையில் வைத்துவிட்டுப் பட்டிக்கு ஓடினார். போன் அடித்தது. அடித்த போனை எடுப்பது மனிசப் பழக்கம்.

"எங்கம்மா போகோணும்?"

விமலேஸ்வரி போனை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தாள். வீரகத்தி வந்து பார்த்தபோது கண் கலங்கி இருந்தாள். அவருக்கு விளங்கிவிட்டது. செம்பில் தண்ணீர் வார்த்து, "உனக்குப் பதிலா நான் குடிக்கிறன்" என்று சொல்லி மடமடவென்று குடித்தார். இது செல்லுமா செல்லாதா என்று கேட்க அந்த நேரத்தில் ஐயரையா தேடுவது. செல்லும் என்று வைத்துக்கொண்டாள். வாறன் என்றவன் அதற்குள் கான்சல் பண்ணியிருந்தான். அடுத்தவன் வீரகத்தியிடமே கேட்டான், டவுன் என்றதும் கான்சல். மூன்றாமவன் பேசிக்கொண்டிருக்கும்போது சத்தம் வெளியே கேட்டு அவள் காதில் விழுந்துவிட்டது. வீரகத்தி அவளுக்காகக் கதிரையிலும் ஒருக்கால் இருந்து, பாதுகாப்புக்கு இன்னொரு செம்பு குடித்தார். மணி ஆறேகால். வலது கை பிளாஸ்டருக்குள், அழுத்துவது இடது கை. கண்ணாடியைப் பட்டியில் விட்டுவிட்டார். திரும்பவும் எல்லாம் முதலிலிருந்து கேட்ட போனில் மேலே இருந்த இடப் பெயரை அழுத்தினார்.

இந்த முறை போன் அடிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் படலையடியில் ஓட்டோ நின்றது.

ஓடி வந்தவன் ஜெயந்தன், முப்பது வயது இருக்கும், நெற்றியில் திருநீறு. "ஏறுங்கோ அம்மா" என்றான். பையை வாங்கிப் பின்னால் வைத்தான். வீரகத்தி போனை அவளுடைய கையில் கொடுத்தார். மழை தூறியதால் இரண்டு பக்கமும் றெக்சீன் படங்கை இழுத்துக் கட்டினான். வேறு ஒரு சொல்லும் பேசவில்லை. விமலேஸ்வரிக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. இவனுக்கு ஐந்து, ஆறு இருந்தால் ஆறும் கொடுப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். முறிகண்டிப் பிள்ளையாரே, கல்லோடு போறன், கல்லில்லாமல் திரும்பி வரப்பண்ணு என்று சொல்லிக்கொண்டே போனாள்.

போன் அடித்தபோது மணி ஆறு நாற்பது. கௌசலா. எவ்விடத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்டாள். கோணாவில் கடந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே விமலேஸ்வரி படங்கை விலக்கிப் பார்த்தாள்.

காடு. இரண்டு பக்கமும் பாலை மரமும் வீரை மரமும் இருட்டிப் போய் நின்றன. றோட்டின் நடுவில் ஒரு மயில் நின்று ஓட்டோவைப் பார்த்தது. டவுனுக்குப் போகிற வழியில் மயில் நிற்கிற இடம் ஒன்றும் இல்லை.

போன வாரம் முழங்காவிலில் ஒரு செத்தவீட்டுக்குப் போய் வந்தது சட்டென்று ஞாபகம் வந்தது. கடைசியாகப் போன இடத்தைத்தான் அந்த அப் மேலே காட்டும். மேலே இருந்த பெயர். வீரகத்தி. கண்ணாடி இல்லாத கண். அவளுக்குக் கால் முதல் தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருடமாகப் பூட்டி வைத்த கேள்வி அவள் நினைக்க முதலே வாயால் வந்துவிட்டது.

"எங்கையடா போறாய்?"

ஜெயந்தன் பிறேக்கை அழுத்தினான். திரும்பிப் பார்த்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. மப் முழங்காவில் என்றுதான் காட்டுகிறது என்று போனை நீட்டினான். அவள் ஆஸ்பத்திரி என்றாள், ஒப்பரேசன் என்றாள், ஏழரை என்றாள். அவன் ஓட்டோவைத் திருப்பினான். திருப்பி நேராக்கிவிட்டு நிறுத்தினான். இறங்கினான்.

"குறை நினைக்காதேங்கோ அம்மா. ஓடிக்கொண்டிருக்கேக்கை அப்பிடிக் கேட்டிட்டியள். ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுறன்."

தன் அம்மா ஓட்டோத் திறப்பைக் கையில் தரும்போது சொன்ன ஒரே சொல் இதுதானாம். ஏறுகிற சனத்தை எங்கே போகிறீர்கள் என்று கேட்காதே, உன்னை எவராவது கேட்டால் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு எடு. அதனால் அவன் ஒருவரையும் கேட்பதில்லை, போன் காட்டுகிற பக்கம் போகிறான். சொல்லிக்கொண்டே மழைக்குள் கிலோமீற்றர் கல்லில் போய் இருந்தான். போத்தலைத் திறந்தான்.

விமலேஸ்வரி ஓட்டோவுக்குள் இருந்து அவனைப் பார்த்தாள். ஆறு நாற்பத்திமூன்று. இத்தனை வருடமாக வீரகத்தி செருப்போடு படலையில் நின்று தன்னைப் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும் என்று இப்போது விளங்கியது. எரிச்சல் என்றால் எரிச்சல். ஏறடா, எடடா, இதெல்லாம் ஒன்றுமில்லை என்று கத்தினால் அவன் ஏறிவிடுவான். கத்த வாயைத் திறந்தாள். ஆனால் கேட்டவள் தான்தான். தான் கேட்ட பிறகு ஒருவன் தண்ணீர் குடிக்காமல் சைக்கிளில் ஏறிப் போனவன்தான், திரும்பி வரவில்லை. பதினொரு மாதம் காத்த ஒப்பரேசன் போனால் போகட்டும்.

"குடி தம்பி" என்றாள். "வடிவாக் குடி. இன்னொரு மிடறு குடி."

அவன் குடித்தான். போத்தலை மூடினான். கொஞ்சம் இருந்தான். அந்தக் கொஞ்சம் இரண்டு நிமிடம். விமலேஸ்வரி போன் திரையில் அந்த இரண்டு நிமிடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவன் ஓடின ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால் பொலிஸ் பிடிக்கும். வாய்க்கால் றோட்டுக்குள் விழுத்தி, ஒரு பட்டி மாட்டுக்கு நடுவில் புகுந்து, டவுனுக்குள் வந்தபோது ஏழு இருபத்தைந்து. கௌசலா பத்துத் தரம் போன் எடுத்துவிட்டாள். பெயரை இரண்டு தரம் கூப்பிட்டாயிற்றாம், தாதியின் காலில் விழாத குறையாம். ஆஸ்பத்திரி வாசலில் விமலேஸ்வரி இறங்கி நடக்கவில்லை, ஓடினாள். படியில் நின்ற காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"எங்கையம்மா போறியள்?"

"வயித்தை வெட்ட" என்றாள். அவன் கைக்குக் கீழால் குனிந்து போய்விட்டாள். திரும்பவும் இல்லை, இருக்கவும் இல்லை. வாட்டு வாசலில் கௌசலா கையைப் பிடித்து இழுக்கும்போதுதான் கையில் பை இல்லை என்று கண்டாள். பின்னால் ஜெயந்தன் "போயிட்டு வாறன் அம்மா" என்று சொன்ன மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்க விடவில்லை.

மயக்கம் தெளிந்தபோது பின்னேரம் ஆகிவிட்டது. கல் பதினேழு என்று கௌசலா சொன்னாள். மாடு நாகு கன்று போட்டதாக வீரகத்தி சொன்னார், அதைச் சொல்லிவிட்டு முழங்காவில் விசயத்துக்காக நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விமலேஸ்வரிக்கு இரண்டும் காதில் ஏறவில்லை. அந்த ஓட்டோப் பெடியன் எங்கே என்றாள். மருந்து மயக்கத்தில் கதைக்கிறா என்று கௌசலா தகப்பனுக்குக் கண்ணைக் காட்டினாள். எந்தப் பெடியன் என்று வீரகத்தி கேட்டார். நான் கேட்டிட்டன், அவனைக் கேட்டிட்டன் என்று அவள் திருப்பித் திருப்பிச் சொன்னாள். அவர் கட்டில் கரையில் இருந்தார்.

நோயாளரைப் பார்க்கிற நேரம் முடிய மணி அடிக்கப் போகும்போது வாட்டு வாசலில் ஜெயந்தன் நின்றான். கையில் அவளுடைய பை. பின்சீற்றுக்குப் பின்னால் கிடந்ததாம், மத்தியானம்தான் கண்டானாம், பிளாஸ்கையும் படுக்கைச் சீலையையும் எண்ணிப் பார்க்கச் சொன்னான். தலை நனைந்திருந்தது. வேறு ஒரு குறையும் இல்லை. கை இரண்டும் கால் இரண்டும் அப்படியே இருந்தன.

விமலேஸ்வரிக்கு அழுகை வந்தது. தையல் இழுத்தது, இழுத்தாலும் அழுதாள். "நான் கேட்ட பிறகும் வந்திட்டியேயடா" என்றாள். அவனுக்கு அது எப்படி விளங்கும். பை கொண்டுவந்ததைச் சொல்கிறா என்று நினைத்து, அது தன்னுடைய கடமை என்றான். வீரகத்திக்கு விளங்கியது. அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் போனை எடுக்கச் சொன்னாள். நட்சத்திரம் காத்துக்கொண்டு நின்றது. வீரகத்தி கண்ணாடியைத் தேடிப் போட்டு, இந்த முறை இரண்டு தரம் சரிபார்த்து, ஐந்தாவதில் விரலை வைக்கப் போனார்.

"நாலு" என்றாள் விமலேஸ்வரி.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஏறினவுடனை எங்க போறியளெண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்" என்றாள். "உந்த ராஜினிக்கும் ஒண்டு கூட்ட ஏலுமோ எண்டு பாருங்கோ."